கடைசி வரிசையில் போய்க் கேளுங்கள்

சென்னையில் புதிதாக ஸ்ட்ரிங்ஸ் குழு தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

போன மாதம் உங்கள் முதல் கச்சேரிக்கு வந்திருந்தேன். வயலின், வயோலா, செல்லோ, ஒரே ஒரு டபுள் பாஸ் என்று பதினேழு பேர். மொஸார்ட் வாசிக்கும்போது நடுவில் ஓரிடத்தில் வேகம் கூடிப்போனது. அதை நீங்களே உணர்ந்து, யாரும் கைகாட்டாமல், நாலைந்து பாருக்குள் எல்லோருமாக நிதானத்துக்குத் திரும்பினீர்கள். அந்த நாலைந்து பாருக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

கச்சேரி முடிந்து வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "சார், எங்களுக்கு எப்ப சார் பேர் வரும்?" கூடவே வேறு இரண்டு பேச்சும் காதில் விழுந்தது. முதல் நாற்காலியில் யார் உட்காருவது என்பதில் உங்களுக்குள் மனத்தாங்கல் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஒரு கண்டக்டரை வரவழைத்தால்தான் நம்மை மதிப்பார்கள் என்று சிலர் நினைக்கிறீர்கள். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் மனசு கேட்கவில்லை. உங்களைப் போலவே கோவையிலும் திருச்சியிலும் கூடி வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைப் பத்திரிகை வழியாக எழுதுகிறேன்.

பேர் வேறு, விலாசம் வேறு. பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு விலாசம் உண்டு. வியன்னா என்றும் பெர்லின் என்றும் ஊர்ப் பெயரே முன்னால் நிற்கும். சொந்தமாக ஒரு மண்டபம், மாதச் சம்பளம், வருஷா வருஷம் சந்தா கட்டிவிட்டுக் காத்திருக்கும் ரசிகர்கள் எல்லாம் இருக்கும். ஒருநாள் வாசிப்பு சோர்ந்துபோனாலும் ஊர் தாங்கிக்கொள்ளும். ஊர் ஊராகப் போய் வாசிக்கும் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அந்த வசதி கிடையாது. இருபது முதல் நாற்பது, நாற்பத்தைந்து பேர் வரை இருக்கும் சின்னக் குழு அது. இன்றைக்கு வாசித்த ஊரில் நாளைக்கு இருக்காது. விலாசம் இல்லாத அந்தக் குழுக்கள் எப்படிப் பேர் வாங்கின என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

மாலர் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியக் கண்டக்டர் கிளாடியோ அப்பாடோ, வியன்னாவில் குஸ்தாவ் மாலர் இளையோர் ஆர்க்கெஸ்ட்ராவை நிறுவியவர். அதில் 26 வயதுக்கு மேல் வாசிக்க முடியாது. வயது வரம்பைத் தொட்ட சிலருக்குப் பிரிந்துபோக மனம் வரவில்லை. நல்ல ஆர்க்கெஸ்ட்ராக்களில் ஆளுக்கொரு வேலை தேடிக்கொண்டிருக்கலாம். அவர்களோ சேர்ந்தே வாசிப்பது என்று முடிவெடுத்தார்கள். 1997-இல் அப்பாடோவின் துணையோடு தங்கள் குழுவைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே 1981-இல், ஐரோப்பிய சமூக இளையோர் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்து முடித்தவர்கள் இதே மாதிரிதான் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் யூரோப்பைத் தொடங்கியிருந்தார்கள். இன்று உலகம் மதிக்கும் இரண்டு குழுக்களும் பிரிய மனமில்லாத பிள்ளைகளால் பிறந்தவை. அன்று உங்கள் வயதுக்காரர்கள்தான் அவர்கள்.

மாலர் குழுவின் அலுவலகம் பெர்லினில் இருக்கிறது. வாசிப்பவர்கள் அங்கே குடியிருப்பதில்லை. ஏறக்குறைய 45 பேர், 20-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள், ஆளுக்கொரு ஊரில் வாழ்கிறார்கள். மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு சுற்றுப்பயணத்துக்கும் தனி ஊதியம். பெரிய முடிவுகளைக் கலைஞர்களே கூடி எடுக்கிறார்கள். பயணம் தொடங்கும் நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓர் ஊரில் வந்து சேர்கிறார்கள். செல்லோ வாசிப்பவர் விமானத்தில் தனக்கு ஒன்று, வாத்தியத்துக்கு ஒன்று என்று இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும். சில நாள் ஒத்திகை. பிறகு ஊருக்கு ஊர் வேறு மண்டபம். ஒரு மண்டபத்தில் சத்தம் சுற்றிச் சுற்றி நிற்கும். அடுத்ததில் போவை எடுத்த கணமே செத்துப்போகும். கச்சேரிக்கு முன் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் அதைக் கண்டுபிடித்து, நேற்றுவரை வாசித்த நீளத்தையும் அழுத்தத்தையும் எல்லோருமாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இப்படிச் சிதறிக் கிடப்பவர்களின் வாசிப்பில் ஒரே நாதம் எப்படி வருகிறது? அப்பாடோவோடு வாசித்தவர்கள் திரும்பத் திரும்ப நினைவுகூரும் ஒரு விஷயம் உண்டு. ஒத்திகையில் அவர் அதிகம் பேசமாட்டார். அவர் வாயிலிருந்து அடிக்கடி வரும் சொல் 'கேளுங்கள்' என்பதுதான். என் கையைப் பாருங்கள், என் குச்சியைப் பாருங்கள் என்று சொல்லாமல், பக்கத்தில் வாசிப்பவரைக் கேளுங்கள் என்பார். கண்டக்டர் என்றாலே அதிகாரம் என்று பழகிய உலகில் இது பெரிய மாற்றம். அந்த ஒரு சொல்லைத்தான் அந்தப் பிள்ளைகள் ஊர் ஊராகச் சுமந்துபோனார்கள். அவர்களுடைய சொத்து அதுதான்.

அதை ஓரிடத்தில் கிட்டே வைத்துக் காட்டுகிறேன். நோட்ஸைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பேத்தோவன் எழுதிய நான்காம் பியானோ கான்செர்ட்டோ. 1808 டிசம்பரில் வியன்னாவில் அவரே பியானோவில் அமர்ந்து ஊருக்கு முன் வாசித்தது. கான்செர்ட்டோ என்றால் முதலில் ஆர்க்கெஸ்ட்ரா முழங்கும், பியானோ பிறகு வரும் என்றுதான் அந்தக் காலத்து ரசிகர்கள் எதிர்பார்ப்பார்கள். இதில் பியானோ தனியாகத் தொடங்குகிறது. ஜி மேஜரில், மெதுவாக, ஐந்தே பார். பிறகு ஸ்ட்ரிங்ஸ் நுழைகிறது. அதே ஜி மேஜரில் நுழைந்தால் எளிது. பேத்தோவன் பி மேஜருக்குப் போகிறார். பக்கத்து அறைக் கதவு திறந்து அங்கிருந்து யாரோ பதில் சொல்கிற மாதிரி இருக்கும். மிக மெல்லிய சத்தத்தில் வாசிக்க வேண்டும் என்று குறித்திருக்கிறார்.

நார்வே நாட்டு பியானோ கலைஞர் லைஃப் ஓவே ஆன்ட்ஸ்னெஸ், 2012 முதல் 2015 வரை மாலர் குழுவோடு சேர்ந்து பேத்தோவனின் ஐந்து கான்செர்ட்டோக்களையும் ஊர் ஊராக வாசித்தார். தனிக் கண்டக்டர் கிடையாது. பியானோவை மூடியைக் கழற்றி மேடை நடுவே வைத்து, அவர் ரசிகர்களுக்கு முதுகு காட்டி, குழுவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நேரில் கேட்கும் பேறு எனக்குக் கிடைக்கவில்லை. ஒலிப்பதிவிலும் காணொளியிலும்தான் கேட்டேன். அந்த ஐந்தாவது பார் முடிந்து ஆறாவது பார் தொடங்கும் இடத்தை எத்தனை முறை திருப்பிப் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த நுழைவுக்கு வேண்டியது கையசைவைவிட மூச்சு. பியானோவின் கடைசி சுரம் எந்த அளவு தேய்ந்திருக்கிறது என்று அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு இமைப்பொழுது முன்னால் யாராவது போவை வைத்துவிட்டால் மாயம் கலைந்துவிடும். ஒருவர் கொஞ்சம் அழுத்திவிட்டாலும் அதே கதைதான். அவர்கள் நுழைவது, பியானோ விட்ட மூச்சை ஸ்ட்ரிங்ஸ் வாங்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது. அந்தக் குழுவின் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அந்த இரண்டு பாருக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் காட்டுவேன்.

இதை நான் இளவயதில் புரிந்துகொள்ளவில்லை. கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் இருபத்தைந்து வருஷம் செகண்ட் வயலின் வரிசையில் வாசித்தவன் நான். சேர்ந்த புதிதில் என் வயலின் தனியாகக் கேட்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஒரு நாள் டேக் போய்க்கொண்டிருந்தபோது வாத்தியக் குறிப்பு எழுதிய பெரியவர் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார். யாரையும் திட்டவில்லை. எங்கள் வரிசைக்குப் பின்னால் வந்து நின்று, "யாரோ ஒருத்தர் தனியாக் கேக்குதுப்பா. ஸ்ட்ரிங்ஸ்னா யாரும் தனியாக் கேக்கக் கூடாது" என்றார். என்னைத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அடுத்த டேக்கில் என் சத்தத்தை விட்டுவிட்டு முன்னால் இருந்தவரின் போவைக் கேட்டு வாசித்தேன். வரிசை முழுதும் ஒரே வாத்தியமாக மாறியது காதுக்குத் தெரிந்தது. என் சத்தம் காணாமல் போன அந்த நாளில்தான் நான் வயலின்காரன் ஆனேன்.

பிற்காலத்தில் எல்லோர் காதிலும் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார்கள். கிளிக் சத்தம் தாளம் சொல்லும். அதைத் தொடர்ந்தால் போதும். வேலை சுத்தமாக முடிந்தது. ஆனால் பக்கத்து ஸ்டாண்டைக் கேட்கும் பழக்கம் எங்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. உங்கள் தலைமுறை கிளிக்கோடு பிறந்த தலைமுறை. அப்படியிருந்தும் அன்று மேடையில் நிதானத்துக்குத் திரும்பினீர்களே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரிந்திருக்காது.

முதல் நாற்காலிச் சண்டைக்கு வருகிறேன். 1972-இல் நியூயார்க்கில் ஜூலியன் ஃபைஃபர் என்ற செல்லோ கலைஞர் நண்பர்களைச் சேர்த்து ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். கண்டக்டரே வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர்களுடைய நாற்காலி முறை. ஒரு உருப்படிக்கு முதல் நாற்காலியில் இருப்பவர் அடுத்த உருப்படிக்குப் பின்வரிசைக்குப் போவார். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு சிறு குழு முதலில் கூடி, அதை எப்படி வாசிப்பது என்று பேசி முடிவெடுக்கும். அதன்பின் எல்லோருக்குமான ஒத்திகை. அங்கே யாரும் வாய் திறக்கலாம். ஒத்திகை நடக்கும்போது ஒருவர் எழுந்து மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்து, சத்தம் எப்படிச் சேர்கிறது என்று கேட்டுவிட்டு வந்து சொல்வார். ஒரே தலைவர் இல்லாமல் வேலை எப்படி நடக்கிறது என்று ஹார்வர்டு பேராசிரியர் ஒருவரே வந்து ஆராய்ந்திருக்கிறார். இந்த முறைக்கு நேரம் நிறைய வேண்டும்; வாக்குவாதம் நிறைய வரும். ஆனால் பின்வரிசையில் உட்காருபவரும் நாளை முன்வரிசைக்கு வரவேண்டியவர் என்பதால், பின்வரிசை அங்கே ஒருநாளும் தூங்கியதில்லை. முதல் நாற்காலி ஒருவருக்கே சொந்தம் என்றால் மற்ற பதினாறு பேரும் விருந்தாளிகள் ஆகிவிடுவீர்கள்.

கண்டக்டர் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லண்டனில் 1958-இல் நெவில் மாரினர் என்ற வயலின்காரர் தன் வீட்டு முன்னறையில் நண்பர்களைக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார். கண்டக்டர் இல்லாமல்தான் தொடங்கினார்கள். டிரஃபால்கர் சதுக்கத்துச் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தில் 1959 நவம்பரில் முதல் கச்சேரி. அந்தத் தேவாலயத்தின் பெயரையே குழுவுக்கும் வைத்துக்கொண்டார்கள். பிறகு மாரினர் வயலினைக் கீழே வைத்துவிட்டுக் குச்சியை எடுத்தார். 1984-இல் வந்த 'அமடேயஸ்' படத்தில் நீங்கள் கேட்ட மொஸார்ட் அவர்கள் வாசித்ததுதான். நூற்றுக்கணக்கான இசைத்தட்டுகள் அவர்கள் பெயரை உலகமெங்கும் கொண்டுபோயின. முன்னறையில் ஒருவரையொருவர் கேட்டுப் பழகியிருந்ததால் கண்டக்டர் வந்தபோது அது பலமாக அமைந்தது. கேட்கப் பழகாத குழுவுக்குக் கண்டக்டர் வந்தால் அது ஊன்றுகோல். நீங்கள் முன்னறையில் இருக்கிறீர்கள். அந்தக் காலத்தை அவசரப்பட்டுத் தாண்டிப்போகாதீர்கள்.

பேருக்கு இன்னொரு வழியும் உண்டு. அது புதிய படைப்பு. சுவிட்சர்லாந்தில் பால் சாஹர் என்பவர் 1926-இல் பாசெல் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். வாழும் இசையமைப்பாளர்களிடம் போய், எங்களுக்கென்று எழுதிக்கொடுங்கள் என்று கேட்டார். ஹங்கேரியின் பேலா பார்ட்டோக் அந்தக் குழுவுக்காக எழுதிய, ஸ்ட்ரிங்ஸும் தாள வாத்தியங்களும் செலஸ்டாவும் சேர்ந்த படைப்பு 1937 ஜனவரியில் பாசெலில் அரங்கேறியது. 1939 ஆகஸ்டில், உலகப் போர் வாசலில் நின்ற நேரத்தில், சாஹர் கொடுத்த மலைவீட்டில் தங்கி இரண்டே வாரத்தில் 'டைவர்ட்டிமென்ட்டோ'வை எழுதிமுடித்தார் பார்ட்டோக். அந்த இரண்டையும் இன்று உலகத்து ஸ்ட்ரிங்ஸ் குழுக்கள் வாசிக்கின்றன. மாலர் குழுவும் 2012-இல் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் விழாவில் ஜார்ஜ் பெஞ்சமினின் 'ரிட்டன் ஆன் ஸ்கின்' ஆபெராவை முதன்முதலாக வாசித்தது. அதன்பின் அந்த ஆபெரா உலகின் பெரிய அரங்குகளுக்குப் போயிற்று. மொஸார்ட்டை உங்களைவிட நன்றாக வாசிப்பவர்கள் உலகில் ஆயிரம் பேர் இருப்பார்கள். உங்கள் பதினேழு பேருக்கென்று சென்னையில் ஒருவர் எழுதிக்கொடுப்பதை உங்களைவிட நன்றாக வாசிக்க ஆளே கிடையாது. நம்மூரில் இசையமைப்பாளர்களுக்கா பஞ்சம்? போய்க் கேளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தை இப்போது சொல்கிறேன். ஆன்ட்ஸ்னெஸோடு அந்தப் பேத்தோவன் பயணம் போனபோது, மாலர் குழு காது கேளாத பிள்ளைகளையும் காது மந்தமான பிள்ளைகளையும் அழைத்தது. அவர்களை மேடைக்குக் கீழே உட்காரவைக்கவில்லை. வாத்தியக்காரர்களுக்கு நடுவே கூட்டிவந்தார்கள். செல்லோவின் மரத்தில் கைவைக்கச் சொன்னார்கள். அந்த வேலையை நடத்தியவர்களில் ஒருவரான பால் விட்டேக்கர், தாமே பிறவியிலிருந்து காது கேளாத இசைக்கலைஞர். பேத்தோவனின் காது போனதை நாம் கதையாகச் சொல்கிறோம். அவர்கள் அந்தக் கதையிலிருந்து ஒரு செயலுக்குப் போனார்கள். செல்லோவின் சி தந்தியை இழுக்கும்போது அதன் முதுகில் கைவைத்துப் பாருங்கள். உள்ளங்கை வழியாக அதிர்வு தோளுக்கு ஏறும். கேட்பது காதால் மட்டும் நடப்பதில்லை என்று அந்தக் கணத்தில் தெரிந்துவிடும். தன் சத்தம் யாரைச் சேரவில்லை என்று தேடிப்போகிற குழுவுக்கு வருகிற மரியாதை, விமர்சகர் எழுதிக்கொடுக்கும் மரியாதையைவிட நெடுநாள் நிற்கும்.

இந்த வழி சுகமான வழி என்று பொய் சொல்லமாட்டேன். 2020-இல் உலகம் கதவடைத்தபோது ஊர் ஊராகப் போய் வாசிப்பவர்களின் பிழைப்பு ஒரே நாளில் நின்றது. மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு மேடை இல்லாத மாதம் வெறும் மாதம்தான். உங்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டு வாசிக்கிறீர்கள். கிடைக்கிற பணத்தில் பிரச்சினை வரும். முதல் நாளிலிருந்தே கணக்கை எல்லோர் முன்னாலும் வையுங்கள். பணத்தால் உடைந்த குழுக்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்; சுருதி சேராமல் உடைந்ததைவிட அது அதிகம்.

கடைசியாக ஒரு காட்சி. அப்பாடோ 2014 ஜனவரி 20-ஆம் தேதி பொலோன்யாவில் காலமானார். அவர் 2003-இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் புதிதாக உருவாக்கிய விழா ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாலர் குழுவின் கலைஞர்கள்தான் முதுகெலும்பாக இருந்தார்கள். அந்த ஆர்க்கெஸ்ட்ரா ஏப்ரலில் அவருக்கு நினைவுக் கச்சேரி நடத்தியது. ஷூபர்ட்டின் முடிவடையாத சிம்பொனியின் முதல் பகுதி. கண்டக்டர் நிற்கும் மேடை காலியாக இருந்தது. யாரும் அங்கே ஏறவில்லை. அந்த சிம்பொனி எப்படித் தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும்: செல்லோவும் டபுள் பாஸும் மட்டும், தரைக்கடியிலிருந்து வருகிற மாதிரி, மிக மெல்ல. கைகாட்ட ஆள் இல்லாமல் அதைத் தொடங்குவது எவ்வளவு கடினம் என்று வாசிப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் தொடங்கினார்கள். 'கேளுங்கள்' என்று வாழ்நாளெல்லாம் சொன்னவருக்கு அவர்கள் செலுத்திய அஞ்சலி, அவர் இல்லாமலே ஒருவரையொருவர் கேட்டு வாசித்துக் காட்டியதுதான்.

எப்ப சார் பேர் வரும் என்று கேட்டீர்கள். அந்தக் காலி மேடையின் முன்னால் தொடங்க முடிந்ததே, அந்த நாளில் அவர்களுக்குப் பேர் வந்துவிட்டது. உங்கள் கச்சேரியில் மொஸார்ட் நிதானத்துக்குத் திரும்பிய அந்த நாலைந்து பாரில் உங்களிடமும் கொஞ்சம் வந்தது. அது வந்ததை நீங்கள்தான் கவனிக்கவில்லை, போஸ்டரில் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் ஒரு காரியம் செய்யுங்கள். முதல் நாற்காலிக்கு ஆசைப்படுகிற இரண்டு பேரில் ஒருவர் வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஹாலின் கடைசி வரிசையில் போய் உட்காரட்டும். மற்றவர்கள் வாசியுங்கள். அவர் எதையும் எழுதிக்கொள்ள வேண்டாம், கேட்டால் போதும். தனியாக யார் கேட்கிறார்கள், யார் கேட்கவே இல்லை என்று திரும்பி வந்து அன்பாகச் சொல்லட்டும். அடுத்து இன்னொருவர் போகட்டும். பதினேழு பேரும் ஒரு சுற்று போய் வந்த பிறகு, முதல் நாற்காலி யாருக்கு என்று பேசுங்கள். அன்றைக்கு அந்தப் பேச்சுக்கே அவசியம் இருக்காது என்று நம்புகிறேன்.

செகண்ட் வயலின் வரிசையில் கடைசி ஸ்டாண்டில் ஓர் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தேன். நீங்கள் சம்மதித்தால் நானும் வந்து வாசிக்கிறேன். உள்பக்கம் உட்கார்ந்து பக்கம் புரட்டும் வேலை என்னுடையது.

அன்புடன்,
கோடம்பாக்கத்துப் பழைய செகண்ட் வயலின்காரன்